கண் குளிரவா, கண் கலங்கவா?

மதீனாவுக்கு வடக்கே, அல்உலாவை அடுத்து அல்ஹிஜ்ர் உள்ளது. பாலைமணலில் எழுந்து நிற்கும் செந்நிற மலைகள் அந்திவேளையில் உள்ளத்தைக் கவரும். 2008-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உம்ரா செல்லும் நம்மவர் சிலர் அதையும் பார்த்துவர விரும்புகின்றனர்.

ஆனால், நபி ஸாலிஹ் (அலை) அவர்களைப் பொய்ப்பித்த ஸமூது கூட்டத்தார் அழிந்த இடமும் அதுவே. ஹிஜ்ரி 9-இல் தபூக் சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அழுதவர்களாக அன்றி அங்கே நுழையலாகாது என எச்சரித்து விரைந்து கடந்தார்கள்.

மலையழகை ரசிப்பது குற்றமா? அன்று. மலைகள் நாட்டப்பட்ட விதத்தைப் பார்க்கச் சொல்வதும் திருமறையே. மலை பாவம் செய்யவில்லை. அதைக் குடைந்தோரின் அகந்தையே அவர்களை அழித்தது.

தீர்ப்பு உலமாக்களுடையது. நமக்குத் தோன்றுவது இதுவே: கண் குளிரப் பார்க்க தாயிஃப் மலைகள் இருக்கின்றன. கண் கலங்க இயலாதவர் அல்ஹிஜ்ருக்குப் போகாதிருப்பதே நலம்.