அறுபது அடிக்குள் அதர்மம்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974-இல் வெளிவந்த, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் சேர்ந்து இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டில், மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒருவர் நடுவராயிருந்து கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, வாயால் சொல்லியும் பகடை உருட்டியும் கற்பனை உலகமொன்றில் சஞ்சரிப்பார்கள். அதன் விதிநூல் இந்த ஐம்பதாண்டுகளில் பலமுறை திருத்தி எழுதப்பட்டுவிட்டது. கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்பு மிகும் என்றிருந்த விசித்திரக் கணக்கை 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு தலைகீழாக்கியது போன்ற சங்கதிகளை ஆடுவோரே வாதிட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். நன்மையும் தீமையும் சிருஷ்டியிலேயே உறைந்து கிடக்கும் குணங்களா, அன்றி ஒருவன் செய்கையைக் கண்டு நாம் செய்யும் நிர்ணயங்களா என்னும் பழைய தத்துவ விசாரத்துக்கு இந்நூல்கள் பதிப்புக்குப் பதிப்பு வேறு விடை சொல்லி வந்திருப்பதே என் சிந்தையைக் கவர்வது.

ஆதியில் பாத்திரங்களின் அறப்போக்கைக் குறிக்க ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே சார்புகள் இருந்தன. 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேடு அவற்றோடு நன்மை தீமைகளைக் குறுக்கே நெய்து ஒன்பதாக்கிற்று. அந்நாளைய விதிப்படி ஒவ்வொரு சார்புக்கும் தனியொரு பாஷையே உண்டு; சார்பு மாறினால் அந்தப் பாஷை மறந்துபோகும், பாடுபட்டு ஏறிய படியில் ஒன்றும் இறங்கிப்போகும். தீயவன் மனந்திரும்பி நல்லவனானாலும் தண்டனை இதுவே என்பது எனக்கு ஒப்பவில்லை. பாலடின் என்னும் புனித வீரனோ, அறிந்து ஒரு தீச்செயல் புரிந்தால் அக்கணமே தன் பதவியை மீளாதபடி இழப்பான்; அதற்கு ஈடாக, 60 அடித் தொலைவிலுள்ள தீமையை உணரும் சக்தி அவனுக்கு அருளப்பட்டிருந்தது.

மூன்றாம் பதிப்பில் இந்தச் சக்தியால் நேர்ந்த தர்மசங்கடத்தைப் பாருங்கள். சந்தையில் துணி விற்கும் வணிகன் ஒருவன் தீயவன் என்று அது காட்டுகிறது, ஆனால் அவன் இன்னும் ஒரு குற்றமும் புரிந்தானில்லை, அவனை வெட்டலாமா? அதே பதிப்பு அரக்க ஜாதிகளின் சுபாவத்தைக் குறிக்கும்போது ‘எப்போதும்’, ‘பெரும்பாலும்’ என்று அடைமொழி சேர்க்கத் தலைப்பட்டது. ‘பெரும்பாலும்’ என்று எழுதிய கணத்திலேயே பிறவித் தீமை என்னும் கொள்கை ஆட்டம் கண்டுவிட்டது. 2008-இல் நான்காம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகச் சுருக்கி, எச்சார்பினரும் பாலடின் ஆகலாம் என்றது. 2014-இல் ஐந்தாம் பதிப்பு ஒன்பதையும் மீட்டது. பாலடினுக்கு அந்த 60 அடியும் இருக்கிறது. ஆனால் அவ்வெல்லைக்குள் அவன் உணர்வது தேவகணத்தையும் நரக கணத்தையும் பிணமாகியும் நடமாடுவனவற்றையும் மட்டுமே. வணிகனின் நெஞ்சம் அவனுக்குப் புலப்படாது.

பாலடினின் வீழ்ச்சிக்கிருந்த பயங்கரம் இம்மாற்றங்களால் போயிற்றென்று பழைய விதிகளைப் போற்றுவோர் வருந்துகிறார்கள். அதில் உண்மை உண்டு, அந்நூல்களைக் கொண்டே இன்றும் ஆடுவோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும், அந்த வணிகனை என்ன செய்வதென்று நால்வர் ஒரு மாலைப்பொழுது முழுதும் தமக்குள் வழக்காட நேரும் ஆட்டமே, மந்திரம் தீர்ப்புரைத்துவிடும் ஆட்டத்தினும் மேலானது என்பது என் தீர்மானம்.