உடையவர் பிறந்த மண்ணில் சார்பும் பொறுப்பும்

ஒரு சமூகம் தன் வாழ்வுக்குப் பிறரைச் சார்ந்து நிற்பது அதன் மதிப்புக்கு இழுக்காகுமா என்னும் கேள்வி, அந்நிய உதவியையும் உலகமயமாக்கலையும் பற்றிய விவாதங்களின் அடியில் எப்போதும் கிடக்கிறது. 1965இல் புதிய காலனியத்தைக் கண்டித்து நூல் எழுதிய கானாவின் குவாமே நுக்ருமாவும், 2009இல் அந்நிய உதவியைக் கண்டித்து நூல் எழுதிய சாம்பியாவின் டம்பிசா மோயோவும் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்தவர்களாயினும், சார்பு தீங்கானது என்பதில் ஒன்றுபடுகின்றனர். தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்திலோ அக்கேள்வியை வேறொரு தளத்தில் வைத்து ஆராய இடமுண்டு. சார்பை உயிரின் இயல்பாகவே கண்டவரும் உடையவர் எனப்படுபவருமான இராமானுசர், மரபுக் கணக்கின்படி 1017இல், பிறந்த மண் அது.

இறைவனுக்கும் உயிருக்குமான உறவை உயிருக்கும் உடலுக்குமான உறவாக விளக்குவது அவருடைய விசிட்டாத்துவைதம். ஓர் அறிவுடைப் பொருளால் தாங்கப்பட்டும், அதனால் இயக்கப்பட்டும், அதன் பொருட்டே இருப்பதுமாகிய ஒன்றே அதற்கு உடலாகும் என்று அவர் இயற்றிய ஸ்ரீபாஷ்யம் இலக்கணம் வகுக்கிறது. பிறர்க்கென இருப்பது சேஷம், அதற்கு உரியவன் சேஷி எனப்படும். இயக்கும் உரிமையும் தாங்கும் கடமையும் இவ்விலக்கணத்தில் பிரிவதில்லை. உடைமையைக் காப்பது உடையவனின் பொறுப்பு என்று பிற்கால ஆசாரியர்கள் சரணாகதியை விளக்கியதும் இந்த அடித்தளத்தின் மீதுதான்.

இவ்விலக்கணத்தை இத்தொழில் வட்டாரத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். விடியற்காலையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் கழுத்தில் அடையாள அட்டையுடன் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞர்களின் உழைப்பு, எங்கோ தொலைவில் உள்ள தலைமையகத்தின் முடிவால் இயக்கப்படுகிறது, அதன் ஆதாயத்தின் பொருட்டே நிகழ்கிறது. ஆனால் அத்தலைமையகம் அவர்களைத் தாங்குகிறதா? 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி, உச்சக் காலத்தில் ஏறத்தாழ 8,000 நிரந்தரத் தொழிலாளரைக் கொண்டிருந்த நோக்கியா ஆலை, கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்ட்டுக்குக் கைமாறியபோது வரி வழக்கால் அந்த விற்பனையில் சேர முடியாமல் தனித்து நின்று, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. வழக்கில் அரசின் பங்கையும் மறுப்பதற்கில்லை. எனினும் அரசும் நிறுவனமும் வழக்காடியதன் விலையை, இரு தரப்பிலும் இல்லாத தொழிலாளரே கொடுத்தனர். பின்னாளில் அவ்வளாகத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கியதால் வட்டாரத்துக்கு வேலை திரும்பியது என்பது உண்மையே. ஆயினும் வட்டாரம் மீண்டது என்பதால், வேலையிழந்த ஒவ்வொருவரும் மீண்டார் என்று ஆகிவிடாது.

இயக்குவதற்கும் தாங்குவதற்கும் இடையிலான இதே பிளவு ஆப்பிரிக்காவில் நாட்டளவில் தெரிகிறது. செம்பையே நம்பியிருந்த சாம்பியா, 1990களில் கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளுக்கு இணங்கித் தன் சுரங்கங்களைத் தனியார்மயமாக்கி, 2005இல் பெருமளவு கடன் தள்ளுபடி பெற்று, 2020இல் மீண்டும் கடனைக் கட்ட முடியாமல் நின்றது; இயக்கியவர் பலராக இருந்தும் தாங்குவார் இல்லை.

இறைவனுக்கு உரிய சரணாகதியை மூலதனத்திற்குச் செலுத்த வேண்டும் என்று இராமானுசர் மரபு எங்கும் சொல்லவில்லை. மாறாக, உயிர் இறைவன் ஒருவனுக்கே உரியது, வேறெவர்க்கும் உரியதன்று என்பதே அதன் அழுத்தமான நிலைப்பாடு. ஆகவே மனிதர் மனிதரைச் சார்ந்திருக்கும் இடத்தில், இயக்குபவரைப் பொறுப்பில் கட்டும் கயிறு சார்ந்திருப்பவர் கையிலும் இருந்தாக வேண்டும். 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கும் மேலாக ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில், தங்கள் சங்கத்திற்கு அங்கீகாரம் என்பது முதன்மைக் கோரிக்கையாக இருந்ததை இந்நோக்கிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

முதலீட்டுச் சூழலை மேம்படுத்தவென்று 2013இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் தமிழ்நாட்டுக்கு வழங்கிய 1,300 கோடி யென், உதவி என்னும் பெயரில் வந்தாலும் வட்டியோடு திரும்பிச் செல்ல வேண்டிய மென்கடனே. கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது தவணை வாரியாக எழுதி வைக்கப்படும்போது, அக்கடனால் ஈர்க்கப்படும் ஆலைகளில் உழைப்பவருக்குச் சேர வேண்டியதும், ஆலை மூடப்படும் நாளில் அவருக்குக் கிடைக்க வேண்டியதும் அதே உறுதியோடு எழுதப்பட வேண்டும் என்று கேட்பது, உதவியை மறுப்பதாகாது.