நினைவில் நில்லாத இரவுகள்

கோவையில் மார்கழிப் பனி இறங்கும், தரை வெளுப்பதில்லை. அதைக் காண விழைவோர் மேட்டுப்பாளையம் கடந்து மலையேறி உதகைக்குச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில், குளிர்காலத்து விடியற்பொழுதில், தலைகுந்தாவிலும் குருசடித் திருத்தலம் அமைந்த காந்தலிலும் புல்வெளி உப்பு இறைத்தாற்போல் கிடக்கும். மேலைநாட்டு நகரங்களில் வானிலிருந்து பொழியும் வெண்பனியன்று இது; தரையிலேயே உண்டாகும் உறைபனி. மேகமும் காற்றுமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளங்களில் தேங்குகிறது. ஓசையின்றி நிகழ்வதால், விடிந்த பின்னரே இழப்பு தெரியவரும். ஆகவே மலைமக்கள் பொழுது சாயுமுன்பே இளந்தேயிலைக் கன்றுகளையும் பூ நாற்றுகளையும் தழைகளால் மூடிவைக்கிறார்கள்.

தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண்ணும், விடுமுறை நாளில் கோவையிலிருந்து மலையேறி வரும் அவள் கணவனும் செய்வது இதுவே. பச்சிளங்குழந்தையும் விரைந்து வெப்பம் இழப்பது. எடையை நோக்கத் தோற்பரப்பு மிகுதி. நம்மைப் போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறமும் அதற்குப் போதாது. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் முறை தொடங்கியது. தந்தையின் மார்பும் அவ்வாறே வெப்பம் தரும். (நம் ஆண்கள் பலருக்கு இச்செய்தி இன்னும் எட்டவில்லை.) அப்பிள்ளையோ, வளர்ந்தபின் இவ்விரவுகளில் ஒன்றையேனும் நினைவில் வைத்திராது.

அவ்வாறாயின், அந்த அன்பு பிள்ளையின்மேல் கடனாகுமா? "உன்னை எப்படியெல்லாம் வளர்த்தேன்!" என்று திருமண வயதுப் பிள்ளையிடம் கணக்கை நீட்டுவோர் நம்மிடையே குறைவல்லர். திருமுழுக்கு விருந்திலேயே, 'கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற ஒருவன் வந்துவிட்டான்' என்று மகிழ்வோரும் உண்டு. பெற்றோரைப் பேணுதல் இறைக்கட்டளை; அதில் ஐயமில்லை. பெற்றோர்க்குப் பட்டதை முழுமையாய்த் திருப்பிச் செலுத்த இயலாது என்றே 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் பெருநூலில் எழுதினார். ஆயினும் அவரே ஒரு வேறுபாட்டையும் காட்டுகிறார். தந்தை பிள்ளையைத் தாங்குவது தந்தைமையின் இயல்பிலேயே அடங்கியது. வாழ்நாள் முழுதும் நீடிப்பது. பிள்ளை தந்தையைத் தாங்குவதோ, தேவை நேரும்போது எழும் கடமை. திருத்தூதர் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தை அவர் இதற்குத் துணையாகக் கொள்கிறார்.

கடன் என்றால், கொடுக்கும்போதே திரும்பப் பெறும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நள்ளிரவில் எழுந்து, மூச்சு வருகிறதா என்று குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும் தாயிடம் அவ்வெண்ணம் இருந்ததா? இல்லை என்பதே என் துணிபு. கணக்கு பின்னாளில், நாம் தளர்ந்து அஞ்சும்போது, எழுதப்படுவது. அந்த அச்சம் மெய்யானது, இகழத்தக்கதன்று. அதை அச்சமென்றே சொல்லலாமே! எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் தம் மகனிடம், "ராத்திரியில் தனியாகப் படுக்கப் பயமாயிருக்கிறதப்பா" என்று மட்டும் சொன்னார். மகன் அன்றே தன் கட்டிலை அவர் அறைக்கு மாற்றிக்கொண்டான்.