பற்று எந்தத் தட்டில் இருக்கிறது

மதுரையில் உடையை மாற்றிக்கொண்ட நடுத்தர வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். வரலாற்றில் ஏறியவர் ஒருவர்தான். 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டு மாடியிலிருந்து காந்தி இறங்கி வந்தபோது தொப்பி இல்லை, மேல்சட்டை இல்லை, முழு வேட்டியும் இல்லை. இடுப்பில் முழங்கால் வரைக்கும் ஒரு துணி, அவ்வளவுதான். இன்னும் பத்து நாளில் அவருக்கு 52 முடியப்போகிறது. அந்த வயதில் ஒருவர் தினசரி உடையை இப்படி மாற்றினால் நம் வீடுகளில் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்.

அவர் அதைத் திடீரென்று செய்யவில்லை. கிழக்கு வங்காளத்தில் பாரிசாலுக்குப் போயிருந்தபோதே யோசித்தார், தள்ளிப்போட்டார். சென்னைக்கு வந்தும் தயங்கினார். மதுரைக்கு வரும் ரயிலில் கதரைப் பற்றிப் பேசியபோது, கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் காசில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னதுதான் கடைசித் தள்ளு. அப்போதும், அக்டோபர் 31 வரைக்கும் என்று கெடு வைத்துத்தான் தொடங்கினார். அந்த உடையில் முதலில் பேசிய இடம் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்ற பெயரோடு இருக்கிறது. அவ்வழியே ஷேர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது இந்த காந்தி இல்லை. லண்டனில் சட்டம் படித்த காந்தி. பாண்ட் தெருவில் 10 பவுண்டு கொடுத்து மாலை நேரக் கோட்டு சூட்டு தைத்துக்கொண்டு, தினமும் பெரிய கண்ணாடி முன் பத்து நிமிடம் நின்று கழுத்துப்பட்டையையும் தலை வகிட்டையும் சரிசெய்தவர். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். லண்டன் காந்தியைத் திருந்தாதவர், மதுரை காந்தியைத் திருந்தியவர் என்று பிரிப்பது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துணி என்ன பேசும் என்று கண்ணாடி முன் நின்று படித்தவருக்குத்தான் எதைக் கழற்றினால் நாடு திரும்பிப் பார்க்கும் என்று தெரியும்.

எனக்கு 47 வயது. வங்கியில் கவுண்ட்டர் வேலை. எங்கள் சாப்பாட்டு அறையில் அடிக்கடி விழும் வாக்கியம், "இனிமே நமக்கு எதுக்குக்கா." ரோஸ் கலர் எதுக்கு, புதுச் செருப்பு எதுக்கு, பூப்போட்ட குர்த்தி எதுக்கு. நாற்பத்தைந்தைத் தொட்டதும் நிறங்கள் ஒவ்வொன்றாக விடைபெறும். முதலில் ரோஸ், பிறகு கிளிப்பச்சை, பிறகு எலுமிச்சை மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது பழுப்பும் சாம்பலும், துணிக்கடைப் பையன் "வயசானவங்க கட்டுற மாதிரி" என்று சொல்லித் தனியாக எடுத்துப்போடும் ஒரு மெரூனும். வீட்டுக்குப் போனால் சாயம் போன நைட்டி, யாராவது கதவைத் தட்டினால் மேலே ஒரு துண்டு. இதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்திருக்கிறோம். கொஞ்சம் படித்தவர்கள் வைராக்கியம் என்பார்கள்.

இது வைராக்கியம்தானா என்பதே என் கேள்வி. வைராக்கியம் உள்ளவருக்கு விட்டது வலிக்காது. நாங்களோ மகளின் சுடிதார் துப்பட்டாவைக் கையில் தடவிக்கொண்டே "நமக்கு எதுக்கு" என்கிறோம்.

இந்தக் கேள்வியை எங்கள் ஊர் மலைகள் ரொம்ப காலத்துக்கு முன்பே கேட்டுவிட்டன. மதுரையைச் சுற்றியிருக்கும் குன்றுகளில் பாதி சமணர் படுத்து உறங்கிய குன்றுகள்தாம். கீழக்குயில்குடி சமணர்மலைக்குப் போனால் அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம்; மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். மறுபக்கம் செட்டிப்புடவில், சிங்கத்தின் மேல் உட்கார்ந்து சண்டை போடும் யட்சி ஒருத்தியும் இருக்கிறாள். தீர்த்தங்கரர் உடலில் ஒட்டுத் துணி இல்லை. யட்சிக்கு நகையும் உடையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தகராறு இருக்கிறது.

துணியும் ஓர் உடைமை, உடைமை இருக்கும்வரை பற்று இருக்கும், பற்று இருக்கும்வரை வீடுபேறு இல்லை என்பது சமணரில் துணி துறந்த திகம்பரர் கட்சி. அப்படியானால் பெண்? அவளால் துணியைத் துறக்க முடியாது, ஆகவே பெண் பிறவியில் வீடுபேறு இல்லை, அடுத்து ஆணாகப் பிறந்துதான் ஆகவேண்டும் என்றார்கள். திகம்பரப் பெண் துறவியர் வெள்ளைச் சேலை கட்டுகிறார்கள். சமணரின் இன்னொரு பிரிவான சுவேதாம்பரர் ஒப்பவில்லை. பத்தொன்பதாம் தீர்த்தங்கரரான மல்லியே பெண்தான் என்றார்கள். திகம்பரர் இல்லை, ஆண் என்றார்கள். ஒரு முழம் துணியின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் வாதம்.

இதில் எனக்குப் பிடித்தவர் மூன்றாவது கட்சிக்காரர். யாபனீயர் என்று ஒரு பிரிவு கன்னட நாட்டில் இருந்தது. அவர்களுடைய முனிவர்களும் துணியில்லாமல்தான் திரிந்தார்கள். ஆனாலும் பெண்ணுக்கு வீடுபேறு உண்டு என்றார்கள். அவர்களில் சாகடாயனர் என்பவர் 9ஆம் நூற்றாண்டில் இதை நிறுவவே ஒரு நூல் எழுதினார். அவருடைய வாதங்களில் ஒன்றை என் சொல்லில் சொல்கிறேன். முனிவர் கையில் மயிற்பீலி வைத்திருக்கிறார், உட்காரும் இடத்தில் எறும்பு நசுங்காமல் பெருக்கிவிட. அது உடைமை இல்லையா? இல்லை, நோன்புக்கு உதவும் பொருள் என்கிறீர்கள். பெண்ணுக்குத் துணியும் அப்படித்தான். பற்று என்பது பொருளில் இல்லை, 'இது என்னுடையது' என்று மயங்குவதில் இருக்கிறது.

வீடுபேற்றைத் தேடும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பீரோவைத் திறந்து பார்த்தால் நன்றாகவே வெளிச்சம் அடிக்கிறது. மேல்தட்டில் பட்டு. நடுத்தட்டில் ஆபீசுக்குக் கட்டும் சிந்தெடிக். கீழ்த்தட்டில்தான் விஷயம். அங்கே இருப்பவை பத்துப் பதினைந்து வருடம் முந்திய சேலைகள், ஒவ்வொன்றின் மடிப்புக்குள்ளும் அதற்குரிய ப்ளவுஸ். எதுவும் எனக்குச் சேராது. "இளைச்சா போட்டுக்கலாம்" என்று வைத்திருப்பது. இந்தத் தட்டு இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. ஆண்கள் பீரோவிலும் உண்டு, அங்கே அது கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்.

நடுத்தர வயதில் புதுத்துணி எடுப்பதை ஆசை என்கிறோம், பழையதை வைத்துக்கொண்டிருப்பதை எளிமை என்கிறோம். சாகடாயனரிடம் கேட்டால் மாற்றிச் சொல்லுவார் என்று நினைக்கிறேன். 'என்னுடையது' என்ற மயக்கம் கெட்டியாக உட்கார்ந்திருப்பது அந்தக் கீழ்த்தட்டில். அந்த ப்ளவுஸ்கள் துணி அல்ல, முப்பத்திரண்டு வயது உடம்பு. திரும்பி வரும் என்று அதற்கு இடம்பிடித்து வைத்திருக்கிறோம். இன்றைய உடம்புக்கு அளவெடுத்துப் புதிதாக ஒன்று தைப்பதற்குத்தான் விட்டுக்கொடுக்கும் மனசு வேண்டியிருக்கிறது.

இதை எனக்கு உடைத்துச் சொன்னவர் ஒரு தையற்காரர். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் எழுப்பிய தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒருவர். சில வருடங்களுக்கு முன் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள், அவரும் போனார். சித்திரைத் திருவிழா வந்தால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பு தைப்பதில் மும்முரமாகிவிடுவார், நம் ப்ளவுஸ் கிடைக்காது. ப்ளவுஸ் தைக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டு, இரண்டு மூன்று தையல் ஓட்டி வைப்பது வழக்கம். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்துவிடலாம். அப்படிப் பிரித்துப் பிரித்து வந்த ஒன்றை மறுபடி நீட்டினேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்கு மேல பிரிக்க ஒண்ணும் இல்லக்கா. புதுசா அளவெடுத்துருவோம்."

"இளைச்சிருவேன்ணே."

"இளைச்சா பிடிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் மூச்சு விடணும்ல?"

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் இருபத்திரண்டாம் சுலோகம் எல்லோருக்கும் தெரிந்தது. நைந்த துணியைக் களைந்து புதியதை உடுத்துவதுபோல் ஆன்மா பழைய உடலை விட்டுப் புது உடல் எடுக்கிறது என்பது அதன் பொருள். சாவு வீட்டில் அதைச் சொல்லி ஆறுதல் தருவார்கள். அந்த உவமை நிற்பதே ஒரு நம்பிக்கையின் மேல்தான்: மனிதர்கள் பழைய துணியைச் சுலபமாகக் களைந்துவிடுவார்கள் என்று. கண்ணன் எங்கள் வீட்டு பீரோவைப் பார்த்திருந்தால் வேறு உவமை தேடியிருப்பான்.

பழையதைக் களைவது வேறு, எறிவது வேறு என்பதையும் சொல்லவேண்டும். உதயண மன்னனின் தேவியர் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்துவிட்டார்கள் என்று விநய பிடகத்தில் ஒரு கதை. துறவிக்கு இவ்வளவு எதற்கு, கடை வைக்கப்போகிறாரா என்று மன்னனுக்குக் கோபம். நேரில் போய்க் கேட்கிறான். சீவரம் நைந்துபோன பிக்குகளுக்குக் கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். பழைய சீவரத்தை? விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறை. அதுவும் பழசானால் தரைவிரிப்பு, பிறகு கால்மிதி, பிறகு தூசி தட்டும் துணி, கடைசியில் கொத்திக் களிமண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம். மன்னன் மகிழ்ந்து இன்னும் ஐந்நூறு கொடுத்தானாம். கந்தல் சேலையைத் தொட்டிலாகவும் தலையணை உறையாகவும் கைப்பிடித் துணியாகவும் ஆக்கிய என் அம்மா இந்தக் கதையைக் கேட்டால், "இதுல என்ன அதிசயம்" என்று கேட்பாள். துறவிகளின் அலமாரி இப்படி ஓடிக்கொண்டே இருந்தது. தேங்குவது நம்முடையது.

சரி, நான் என்ன உடுத்துகிறேன்? இந்த வயதில் உடம்பு தனக்கென்று சில கட்டளைகள் போடுகிறது. மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தில் நெஞ்சிலிருந்து முகம்வரை காரணமில்லாமல் சூடு ஏறும், வியர்த்துக் கொட்டும். கவுண்ட்டரில் முன்னால் இருபது பேர் நிற்கும்போது சிந்தெடிக் சேலைக்குள் அது ஏறினால் தெரியும் சேதி. சிந்தெடிக் வியர்வையை உறிஞ்சாது, பருத்தி உறிஞ்சும். ஆகவே சுங்குடிக்கு மாறினேன். எங்கள் ஊர் சௌராஷ்டிரக் குடும்பங்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது கடையில் சுங்குடி என்று விற்பதில் நிறைய, முடிச்சே காணாத அச்சுதான். கையால் முடிந்ததில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, பார்த்து வாங்கவேண்டும். என்னிடம் இருப்பவற்றில் கிளிப்பச்சையும் உண்டு, ரோஸும் உண்டு. குதிகால் வலிக்கு எம்.சி.ஆர். செருப்பு; முன்பு மருந்துக்கடைச் சமாச்சாரம் மாதிரி இருந்தது, இப்போது பார்க்கிற மாதிரியும் வருகிறது. தலைக்கு டை அடிப்பதில்லை. அடிப்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். அது மயிர், சித்தாந்தம் இல்லை.

ரோஸ் நிறத்தைப் பார்த்து என் அத்தை முகம் சுளித்தார். அவர் பங்குக்கு ஒரு காரணம் உண்டு. கணவர் போனபின் நிறத்தை அவர் விடவில்லை, விடவைத்தார்கள். நம் சமூகத்தில் பெண்ணின் நிறம் அவள் ஆசையைப் பொறுத்ததாக இருந்ததே இல்லை. பூப்பு, கல்யாணம், கைம்மை என்று வரிசையாக யாரோ எடுத்துக்கொடுத்துக் கட்டியது. வயதாகிவிட்டது என்பது அந்த வரிசையில் வரும் இன்னொரு படி, ஊர் சொல்லாமல் நாமே நமக்குப் போட்டுக்கொள்வது. அதைத் துறவு என்று சொன்னால் காந்தியிடமிருந்தும் சமண முனிவரிடமிருந்தும் திருடுகிறோம். அவர்கள் விட்டது தங்களிடம் இருந்ததை, தாங்களே யோசித்து.

திருமூலர் இந்த இடத்தில் துணைக்கு வருகிறார். முன்பு உடம்பை இழிவென்று நினைத்திருந்ததாகவும், உள்ளே உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் உடம்பைப் பேணுவதாகவும் திருமந்திரத்தில் சொல்கிறார். சித்தரே மனம் மாறியிருக்கிறார். கோயிலில் அம்மனுக்குத் தினமும் சேலை மாற்றுகிறோம். சாத்திய சேலைகளைக் கோயிலிலேயே விலைக்கு வாங்கிவந்து கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அவளுக்கு எதுக்கு என்று யாரும் கேட்பதில்லை.

புறநானூற்று 189ஆம் பாட்டைக் காட்டி என்னை மடக்கலாம். உலகாளும் அரசனுக்கும் உறங்காமல் விலங்கு தேடும் வேடனுக்கும் உணவு ஒரு நாழி, உடை இரண்டுதான் என்கிற நக்கீரர் பாட்டு. நானும் அதை நம்புகிறேன். ஆனால் அந்தப் பாட்டு இரண்டு துணி என்பதோடு நின்றுவிடவில்லை, செல்வத்தின் பயன் கொடுப்பது என்று போய் முடிகிறது. எனவே கீழ்த்தட்டைக் காலி செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு வேலைக்கு வருகிறவரிடமும் இல்லங்களிலும் கிழிசலை மூட்டையாகக் கட்டிக் கொடுக்காதீர்கள். சேலை நன்றாக இருக்கும்போதே எடுங்கள். துவைத்து, பிரிந்த ஃபால்ஸைத் தைத்து, ப்ளவுஸுக்கு அறுந்த ஹூக்கை வைத்து, தேய்த்துக் கொடுங்கள். வாங்குகிறவருக்கும் நாற்பத்தேழு வயது இருக்கலாம், அவருக்கும் ரோஸ் பிடிக்கலாம்.