திலகவதியார் ஏன் வாழ்ந்தார்?

மானிடப் பிறவி பெறுதற்கரியது என்பது சைவத்தின் துணிபு. அவ்வாறாயின், அறுபது எழுபது ஆண்டுகள் அப்பிறவியைச் சுமந்துவந்த முதியவர் ஒருவர் "இனிப் போதும்" என்று நினைக்கும் நிலைக்கு எப்படி வருகின்றார்? அது பாவம் என்று சொல்லிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுமா?

பெரியபுராணம் இங்கே நினைக்கத்தக்கது. தாய் தந்தையர் ஏலவே மறைந்துவிட்டனர். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். அவ்வேளை தம்பி மருணீக்கியார் தமக்கையின் காலில் வீழ்ந்து, அவரும் போவதாயின் தான் முந்திக்கொள்வதாக அழுதார். அந்தச் சிறுவனுக்காக அம்மையார் வாழ்ந்தார். அவனே பின்னர் திருநாவுக்கரசராயினார். தம்பி தமக்கைக்குத் தத்துவம் ஒன்றும் போதிக்கவில்லை. "நீ எனக்கு வேண்டும்" என்றான், அவ்வளவே. 1897இல் பிரான்சிய அறிஞர் துர்க்கைம் தற்கொலை பற்றி எழுதிய நூலும், குடும்பத்தோடும் சமூகத்தோடும் கட்டுண்டவரை அக்கட்டே காக்கின்றது என்றுதான் கூறியது.

இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இவ்வாறு இறந்தனர். கொடிய விவசாய நஞ்சுகள் தடைசெய்யப்பட்டபின் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஆயினும் வயதான ஆண்களிடையே வீதம் இன்னும் உயர்வாகவே உள்ளது. உயிர்விட முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கலாகாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் சொல்கின்றது. நல்ல சட்டம்தான். ஆனால் பராமரிப்புப் பணம் கட்டச் சொல்லலாமே தவிர, தகப்பனிடம் போய் ஒரு யோசனை கேள் என்று எந்தச் சபையும் கட்டளையிட முடியாது.

திருகோணமலை மாவட்டத்தில் இதன் கனம் வேறு. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களிற் பலர் கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஏறத்தாழப் பத்து வருடம் காத்திருந்தனர். காணிகள் 2015, 2016இல்தான் விடுபட்டன. இளையவர் வேறு தொழில் தேடிக்கொண்டனர். வயலும் வள்ளமும் இழந்த முதியவருக்கு அங்கே என்ன வேலை இருந்தது? இடம்பெயராத வீடுகளிலும் பிள்ளைகள் கனடாவில், இலண்டனில், கட்டாரில். மாதம் தவறாமல் காசு வருகின்றது. "மருந்து குடிச்சீங்களா அப்பா?" என்று தொலைபேசியில் கேட்கின்றனர். அவரிடம் எதையும் வேண்டிக் கேட்பதில்லை.

மனச்சோர்வு ஒரு நோய்; குணப்படுத்தக்கூடியது. நித்திரையின்மை, உணவில் வெறுப்பு, காரணம் தெரியாத உடல்வலி, "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற பேச்சு, வழமையாகக் கோயிலுக்கு வந்தவர் வராமலிருத்தல் ஆகியவை அதன் குறிகள். "சாக வேண்டும்போல் இருக்கிறதா?" என்று நேரே கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் எனப் பலர் அஞ்சுகின்றனர். அப்படி ஆவதில்லை, கேட்டால் மனம் இளகுகின்றது. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்துடன் பேசலாம்.

அப்பரடிகள் முதுமையிலும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. இன்றோ ஆலயங்களில் மாலை கடையிலிருந்து வருகின்றது. தேவாரத்தை ஒலிபெருக்கி பாடுகின்றது. பூக்கொய்த கிழவியும் புராணத்துக்குப் பயன் சொன்ன பெரியவரும் மண்டபத்தின் ஓரத்தில் கதிரை போட்டு அமர்த்தப்படுகின்றனர். மரியாதை என்றுதான் நாம் அதைச் செய்கின்றோம். வரும் திருவிழாவுக்கு நார் கிழிக்கவும் மாலை கட்டவும் அவர்களை வீட்டுக்கே சென்று அழைத்தால் வரமாட்டார்களா?