தள்ளுபடியான வழக்கும் தள்ளுபடியாகாத கடனும்



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் குடும்பங்களில் அரசாங்க உத்தியோகத்தின் மீது ஆசை அதிகம். அந்த ஆசையை மோப்பம் பிடித்துப் புரோக்கர்கள் வருகிறார்கள். மகனின் வேலைக்காக ஒருவர் மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வேலை கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், “முடிந்தால் கோர்ட்டுக்குப் போய்ப் பாரும்” என்கிறார் புரோக்கர்.

அவருடைய துணிச்சலுக்குக் காரணம் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது. செல்லாதென்று பின்னர் தெரியவரும் ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65ஆவது பிரிவு. ஆனால், சட்டவிரோதமென்று ஆரம்பத்திலேயே அறிந்து செய்தவருக்கு அப்பிரிவு உதவாது என்று குஜு கோலியரீஸ் வழக்கில் 1974இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வஞ்சிக்கப்பட்டு, குற்றத்தில் சமபங்கு இல்லாதவருக்கு விலக்கு உண்டு. மோசடிக்கான போலீஸ் வழக்கு வேறு. ஆயினும் லஞ்சமென்று தெரிந்தே கொடுத்தவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடலாம்.

இங்கேதான் ஷைத்தான் வாங்கியவரின் காதில் ஓதுகிறான்: “கேஸ் தள்ளுபடியாகிவிட்டது; இனி இது உன் பணம்!”

இல்லை, சகோதரரே! பிரதிவாதி நல்லவர் என்பதற்காக இத்தகைய வழக்கு தள்ளப்படுவதில்லை. குற்றத்தை ஆதாரமாக வைத்து வருபவருக்குக் கோர்ட்டு கைகொடுக்காது என்பதற்காகவே தள்ளப்படுகிறது. 1775இலேயே மான்ஸ்ஃபீல்டு பிரபு என்ற ஆங்கிலேய நீதிபதி இதைத் தெளிவாக்கினார். கோர்ட்டு தன் கதவைச் சாத்திக்கொண்டதே தவிர, பணத்தை உமக்கு ஹலாலாக்கவில்லை.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒருவருடைய வாதத் திறமையால் அவருக்குச் சாதகமாகத் தாம் தீர்ப்பளித்து, அதனால் பிறர் உரிமை அவர் கைக்குப் போனால், அது நரக நெருப்பின் ஒரு துண்டே என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அண்ணல் நபியின் தீர்ப்பை வைத்தே பிறர் பொருளை விழுங்க முடியாதென்றால், முன்சீப் கோர்ட்டின் தள்ளுபடி உத்தரவு எம்மாத்திரம்?

லஞ்சப் பணம் வாங்கியவரின் உடைமையாகாது. கொடுத்தவரிடம் திருப்புவது கடமை. அவர் மௌத்தாகியிருந்தால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். யாரையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு ஹஜ்ஜு செய்வதாலோ, பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிப் போடுவதாலோ பொறுப்பு நீங்காது.

கொடுத்த தந்தையே! தாங்களும் தப்பவில்லை. லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நாட்டின் சட்டத்திலும் கொடுப்பது நேரடிக் குற்றமே. தங்கள் மகனுக்காக விலை பேசிய அந்த நாற்காலி, இரவெல்லாம் கண்விழித்துப் படித்த இன்னொரு ஏழைப் பிள்ளையுடையது அல்லவா? பணத்தைக் கேட்கும் முன் தவ்பாச் செய்யுங்கள்.

கோர்ட்டில் முடிந்த வழக்கு மஹ்ஷரில் மீண்டும் விசாரிக்கப்படும். அங்கே சாட்சி சொல்லக் கைகளே போதும். ஹலாலான ரிஸ்கைக் கொண்டு நம்மைப் போதுமாக்கி வைப்பானாக! ஆமீன்.