நினைவும் நியாயமும்: ‘கோகோ’ திரைப்படம் எழுப்பும் ஒரு வினா

இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் செய்யத்தக்கது ஏதேனும் உண்டா, உண்டெனில் அது இறந்தவர்களைச் சென்று சேர்கிறதா, அல்லது செய்பவரின் மன ஆறுதலோடு நின்றுவிடுகிறதா என்னும் கேள்விக்குச் சமயங்கள் பலவும் தத்தம் வழியில் விடை கூறிவந்துள்ளன. பிக்சார் நிறுவனத் தயாரிப்பில் லீ அன்கிரிச் இயக்கி, ஏட்ரியன் மொலினா இணை இயக்குநராகப் பணியாற்றி, 2017 அக்டோபரில் மெக்சிகோவிலும் அடுத்த மாதம் அமெரிக்காவிலும் திரைக்கு வந்த ‘கோகோ’ என்னும் அசைவூட்டப் படமும் இக்கேள்விக்கு ஒரு விடை கூறுகிறது. இறந்தோர் உலகில் இருப்பவர்கள், உயிருள்ளோர் உலகில் தம்மை நினைப்பவர் ஒருவரேனும் இருக்கும்வரைதான் இருப்பார்கள். அந்தக் கடைசி நினைவும் அற்றுப்போகும் கணத்தில் ‘இறுதி மரணம்’ எய்தி மறைவார்கள் என்பதே அவ்விடை. இதன்படி நினைவு என்பது இறந்தவரைப் பற்றி இருப்பவர் மனத்தில் எழும் எண்ணம் என்ற நிலையைக் கடந்து, இறந்தவரின் இருப்புக்கே ஆதாரமாகிவிடுகிறது. இந்த விதி எங்கிருந்து வந்தது, அது நியாயமானதா, குடும்ப மர்மக் கதையின் வடிவில் அதைச் சொன்னதால் படம் கண்டடைந்த உண்மை எது என்பன ஆராயத்தக்கவை.

கதை நிகழும் சாந்தா செசிலியா என்னும் ஊர் கற்பனையானது. இசைக்கலைஞர்களின் காவலராகக் கத்தோலிக்கர் போற்றும் புனித செசிலியாவின் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. அங்கே காலணி செய்து பிழைக்கும் ரிவேரா குடும்பத்தில் இசைக்கு இடமில்லை. மனைவி இமெல்டாவையும் சிறுமகள் கோகோவையும் விட்டுவிட்டு இசையை நாடிச் சென்ற மூதாதை ஒருவர் திரும்பவே இல்லை என்பதால், குடும்பப் புகைப்படத்திலிருந்து அவர் முகம் கிழித்தெடுக்கப்பட்டது. அவர் பெயரும் பேச்சிலிருந்து நீங்கியது. பன்னிரண்டு வயது மிகேல், புகைப்படத்தின் மடிந்த பகுதியில் தெரியும் கித்தாரைக் கண்டு, புகழ்பெற்ற பாடகர் எர்னெஸ்டோ டி லா குரூஸே அந்த எள்ளுத்தாத்தா என்று முடிவுகட்டி, அவரது கல்லறை மாடத்திலிருந்த கித்தாரை எடுக்கப் போய், இறந்தோர் உலகுக்குள் சென்றுவிடுகிறான். அங்கே வெளிப்படும் உண்மை வேறு. இசைப் பயணத்தைக் கைவிட்டு வீடு திரும்பவிருந்த நண்பன் ஹெக்டரை நஞ்சூட்டிக் கொன்று, அவர் பாடல்களைத் தனதாக்கிக்கொண்டு புகழடைந்தவரே எர்னெஸ்டோ. உண்மையான எள்ளுத்தாத்தா ஹெக்டர். அவரை நேரில் அறிந்தவருள் எஞ்சியிருப்பவரோ, முதுமையால் நினைவு மங்கிவரும் கோகோ ஒருவரே.

இக்கதைக்குப் பின்புலமான ‘இறந்தோர் நாள்’, கத்தோலிக்க நாட்காட்டியின்படி நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில், பெரும்பாலும் முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கும் இரண்டாம் நாள் பெரியவர்களுக்கும் உரியதாக, மெக்சிகோவில் கொண்டாடப்படுகிறது. வீடுகளில் ‘ஓஃப்ரெண்டா’ எனப்படும் படையல் மேடை அமைத்து, அதில் இறந்தவரின் புகைப்படம், மெழுகுவத்தி, தண்ணீர், உப்பு, அவர் விரும்பிய உணவு, ‘இறந்தோர் ரொட்டி’ எனப்படும் இனிப்பு ரொட்டி ஆகியவற்றை வைத்துக் கோபால் என்னும் மரப்பிசினால் தூபமிடுவர். வரும் உயிர்களுக்கு வழிகாட்டும் மணத்துக்காகப் பரப்பப்படும் மலர் ‘செம்பசூச்சில்’. பழங்குடி மொழியாகிய நவாட்டிலில் ‘இருபது மலர்’ என்று பொருள்படும் இப்பெயர் அதன் இதழ்ச் செறிவைக் குறிப்பது. தமிழகத்தில் செண்டுமல்லி என்று மாலையில் கட்டப்படும் மலர் இதுவே; அதன் தாயகம் மெக்சிகோ. படத்தில் இரு உலகங்களை இணைக்கும் பாலம் இம்மலரின் இதழ்களால் ஆனது. இவ்விழாவை யுனெஸ்கோ 2008 இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

விழாவின் வேர்களாகப் பொதுவாகச் சுட்டப்படுபவை இரண்டு: 1521 இல் ஸ்பானியரிடம் வீழ்ந்த அஸ்தெக்குகளின் நம்பிக்கைகளும், ஸ்பானியர் கொண்டுவந்த கத்தோலிக்க சமயமும். இவற்றுள் எது முதன்மையானது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் படத்தின் விதி இவ்விரண்டில் எதிலும் அவ்வடிவில் காணப்படவில்லை என்பது கருதத்தக்கது.

பிரான்சிஸ்கத் துறவி பெர்னார்டினோ டி சஹகுன் பதினாறாம் நூற்றாண்டில் நவாட்டில் மொழி பேசுவோரிடம் கேட்டுத் தொகுத்த பன்னிரண்டு பகுதி நூலின்படி, ஒருவர் இறந்தபின் செல்லும் இடத்தைத் தீர்மானிப்பது அவர் இறந்த முறையே. போரில் மடிந்தவர் கதிரவனோடு செல்வர். நீரில் மூழ்கியும் இடி தாக்கியும் இறந்தவர் மழைக்கடவுளின் பசுமை நிலமாகிய ட்லாலோகானை அடைவர். நோயால் இறந்தவர் மிக்ட்லான் என்னும் கீழுலகுக்கு நான்கு ஆண்டுகள் நடந்து, இறுதியில் ஓர் ஆற்றை நாயின் துணையோடு கடப்பர். உறவினர் குறிப்பிட்ட காலம்வரை படையல் இட்டது இந்தப் பயணத்துக்கு உதவவே. பயணம் முடிந்ததும் இறந்தவர் மிக்ட்லானுக்குள் கரைந்துபோவார். ஆகவே, மறைந்துபோதல் அங்கே செல்வோர் எல்லோருக்கும் பொதுவான முடிவு. மறக்கப்பட்டவருக்கு மட்டும் நேரும் தண்டனை அன்று.

கத்தோலிக்க சமயத்தில் நவம்பர் 2 சகல ஆத்துமாக்களின் நாள். தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என்பதும் இதையே. பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஒதிலோ பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தம் மடங்களில் ஏற்படுத்திய வழக்கத்திலிருந்து இது பரவியது. மீட்புக்கு உரியவராயினும் முழுத் தூய்மை எய்தாமல் இறந்தவர்கள் தூய்மை பெறும் நிலை ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ எனப்படும். அங்குள்ள ஆன்மாக்களுக்கு உயிருள்ளோரின் செபமும் திருப்பலியும் உதவும் என்பதை 1563 இல் திரெந்து பொதுச்சங்கம் மீண்டும் உறுதிசெய்தது. படத்தில் மிகேலுக்கு வழித்துணையாகும் முடியற்ற நாய்க்குத் தாந்தே என்று பெயர். அப்பெயர் கொண்ட இத்தாலியக் கவிஞரின் பெருங்காப்பியத்தில் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்கள், தம் உறவினரைத் தமக்காக மன்றாடச் சொல்லும்படி கவிஞரிடம் வேண்டுகின்றன. இங்கே இருப்பவரின் நினைவு இறந்தவருக்குப் பயன்படுவது உண்மை. ஆயினும் அவர்களது இருப்பைத் தாங்குபவர் கடவுள். மனிதர் அனைவரும் மறந்துவிட்டாலும் ஓர் ஆன்மா இல்லாமற் போய்விடுவதில்லை.

படம் இந்த அமைப்பிலிருந்து கடவுளை எடுத்துவிட்டு, படையலையும் குடும்பத்தையும் மட்டும் வைத்துக்கொண்டது. அதன் இறந்தோர் உலகில் சுங்கச் சாவடியைப் போன்ற எல்லைக் கதவுகள் உண்டு. யாருடைய புகைப்படம் எந்த ஓஃப்ரெண்டாவில் இருக்கிறது என்று சரிபார்க்கும் அலுவலர்கள் உண்டு. ஆனால் வாழ்வை எடைபோட்டுத் தீர்ப்பளிப்பவர் எவரும் இல்லை. கடவுள் இருந்த இடத்தில் எள்ளுப்பேரன் அமர்த்தப்பட்டிருக்கிறான். சமயச் சார்பு தளர்ந்த காலத்தின் பார்வையாளர்கள் எந்நாட்டவராயினும் இக்கதையோடு எளிதில் ஒன்ற முடிவதற்கு இது ஒரு காரணம் எனலாம். படத்தின் ஆழமான இடர்ப்பாடும் இதிலிருந்தே பிறக்கிறது.

இருப்பு நினைவைச் சார்ந்தது என்றால், அது தகுதியைச் சார்ந்ததாக இராது. கொலைகாரனாகிய எர்னெஸ்டோ, ரசிகர்கள் இட்ட படையல்கள் குவிந்துகிடக்கும் மாளிகையில் வாழ்கிறார். கொல்லப்பட்ட ஹெக்டரோ, புகைப்படமும் படையலும் இல்லாதவர்கள் ஒண்டியிருக்கும் குடிசைப் பகுதியில் எலும்பு தளர்ந்து கிடக்கிறார். அப்பகுதியில் உள்ளவர்கள் இரத்த உறவற்றவர்களாயினும், போய்ச் சேர வேறு குடும்பம் இல்லாமையால், ஒருவரையொருவர் மாமா என்றும் மைத்துனன் என்றும் முறைவைத்து அழைத்துக்கொள்வதைப் படம் ஓரிரு வாக்கியங்களில் சொல்லிக் கடந்துவிடுகிறது. அங்கே சிச்சரோன் என்னும் முதியவர் ஹெக்டரிடம் ஒரு பாடலைக் கேட்டு முடித்ததும் பொன்னொளியாக மறைகிறார். தான் அவரைப் பார்த்திருப்பதால் திரும்பிச் சென்று நினைவில் வைத்துக்கொள்ள முடியுமே என்று மிகேல் கேட்கிறான். உயிரோடிருந்தபோது அறிந்தவர்கள் சொல்லிச் சொல்லிக் கைமாறும் நினைவே செல்லும் என்று ஹெக்டர் மறுத்துவிடுகிறார். சிறுவனின் கேள்வி இப்படத்தின் தத்துவ மையம் எனலாம்; ஹெக்டரின் விடை விதியைச் சொல்கிறதே தவிர, அதற்கான நியாயத்தைச் சொல்லவில்லை. பிள்ளையற்றவர், ஊரோடு அழிந்தவர், பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர் ஆகியோர் எக்குற்றமும் செய்யாமலே இருமுறை சாக வேண்டும் என்பதை எந்த அறமும் எளிதில் ஏற்காது.

இருப்பினும் இவ்விதியை மறுவுலகின் அமைப்பைப் பற்றிய கூற்றாகக் கொள்ளாமல், நினைத்தல் என்னும் செயலைப் பற்றிய கூற்றாகக் கொண்டால், மர்மக் கதை வடிவம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். கதையில் நினைவு மூன்று வகையாகத் தவறுகிறது. எர்னெஸ்டோவை ஊரே நினைக்கிறது, ஆனால் அந்நினைவு பொய்யின்மேல் கட்டப்பட்டது. ஆகவே அது புகழ் மட்டுமே. இமெல்டா கணவரை வேண்டுமென்றே மறக்க முயன்றார். கைவிடப்பட்டதாக அவர் கொண்ட சினம் இயல்பானதாயினும், அவர் விதித்த தண்டனை ஆராயாமல் விதித்தது. கோகோவுக்கோ தந்தைமேல் அன்பு இருந்தது. ஆனால் வீட்டில் அவரைப் பற்றிப் பேச இடமில்லாமையால் அது கடிதங்களாகவும் கிழிந்த புகைப்படத் துண்டாகவும் மறைத்துவைக்கப்பட்டது. பொய்யான நினைவு, ஆராயாத மறதி, சொல்லப்படாத அன்பு என்னும் இம்மூன்றையும் திருத்துவது துப்பறிதலே. யார் யாருக்கு என்ன செய்தார் என்று கண்டறியாமல் இறந்தவரை முறையாக நினைக்க முடியாது. அவ்வகையில் நினைவு உணர்ச்சியைச் சார்ந்தது என்பதைவிட நீதியைச் சார்ந்தது என்பது பொருந்தும்.

இறந்தவருக்கு நீதி செய்வது என்பதற்குப் பொருள் உண்டா என்னும் ஐயம் இங்கே எழக்கூடும். இறப்பு இருக்கும் இடத்தில் நாம் இருப்பதில்லை, ஆகையால் அது நம்மைத் தொடுவதில்லை என்று கருதிய கிரேக்கச் சிந்தனையாளர் எபிக்யூரஸின் நோக்கில், இல்லாத ஒருவருக்கு நன்மையும் தீமையும் செய்ய இயலாது. அரிஸ்டாட்டில் தம் ‘நிகோமாக்கிய அறவியல்’ நூலின் முதற்பகுதியில் இதை எடுத்துக்கொண்டு, வழித்தோன்றல்களின் நலமும் கேடும் இறந்தவரை எட்டக்கூடும், ஆயினும் ஒருவரின் வாழ்வை நிறைவானது என்றோ அல்லதென்றோ மாற்றும் அளவுக்கு எட்டாது என்ற நடுநிலையைக் கொண்டார். டென்மார்க்கின் சோரன் கீர்க்ககார்டோ 1847 இல் வெளியிட்ட ‘அன்பின் செயல்கள்’ நூலில் கேள்வியை இறந்தவரிடமிருந்து நினைப்பவரிடம் திருப்பினார். இறந்தவர் எதையும் திருப்பித் தர மாட்டார், வற்புறுத்தவும் மாட்டார், நாளடைவில் மாறவும் மாட்டார். ஆகவே அவரை நினைப்பதே தன்னலமற்ற, கட்டாயமற்ற, உறுதியான அன்புக்குச் சோதனை என்பது அவர் வாதம். படத்தில் மிகேலைத் தவிர அவன் குடும்பத்தில் உயிரோடிருப்பவர் எவரும் மறுவுலகைக் கண்டதில்லை. அவன் பாட்டி எலேனா ஆண்டுதோறும் பதில் வராத இடத்துக்கே படையலிடுகிறார். பதில் வருவதைப் பார்வையாளர் மட்டும் காண்கின்றனர். அவ்வகையில் இறந்தோர் உலகின் வண்ணக் காட்சிகள் அனைத்தையும் நீக்கிவிட்டாலும் எலேனாவின் செயல் பொருளிழக்காது.

எஞ்சுவது சிச்சரோனைப் பற்றிய கேள்வி. இதற்குப் படம் விடை தரவில்லை; ஆனால் படம் எடுத்தாண்ட மரபில் விடை இருக்கிறது. மெக்சிகோவில் பல வீடுகளில் தம் இறந்தோருக்கான ஒளியோடு, ‘தனித்த ஆன்மா’ என்னும் பெயரில், நினைப்பதற்கு எவருமற்ற உயிருக்கென்றும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவர். முகம் அறியாத, கதை அறியாத ஒருவருக்கு இடம் ஒதுக்கும் இவ்வழக்கம், நேரில் அறிந்தவரின் நினைவே செல்லும் என்ற ஹெக்டரின் விதிக்கு நேர் எதிரானது. குறிப்பிட்ட உறவினர்களை மட்டும் நினைக்காமல் இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மன்றாடும் நவம்பர் 2 இன் வழிபாடும் இக்கருத்தையே ஒட்டியது. குடும்பத்தின் நினைவு எட்டாத இடத்துக்குச் சமூகத்தின் நினைவு எட்ட வேண்டும் என்பதை மரபு உணர்ந்திருந்தது.

படத்தின் முடிவில், ஓராண்டுக்குப் பின் கோகோவும் இறந்து, அவர் படமும் ஹெக்டரின் ஒட்டவைக்கப்பட்ட படமும் ஓஃப்ரெண்டாவில் இடம்பெறுகின்றன. எர்னெஸ்டோவின் சிலையிலோ அவரை மறக்கச் சொல்லும் அட்டை தொங்குகிறது. இமெல்டா ஆராயாமல் விதித்த தண்டனையை ஊர் இப்போது ஆராய்ந்து விதிக்கிறது என்பது வேறுபாடு. ஆனால் கொலையை மறந்தால் கொல்லப்பட்டவருக்குச் செய்த நியாயமும் மறைந்துபோகும். மறதியைத் தண்டனையாகக் கொள்ளும் விதி, உண்மை வெளிவந்த பிறகும் பிழையான விதியே. ஹெக்டரை ஹெக்டராகவும் எர்னெஸ்டோவை எர்னெஸ்டோவாகவும் நினைவில் வைத்து, பெயரறியாதவருக்கும் ஒரு விளக்கு ஏற்றுவதே இறந்தவர்களுக்கு இருப்பவர்கள் பட்டிருக்கும் கடன்.